71 வயது அப்பாவுடன் ஜப்பானின் கிராமத்துச் சாலைகளில் சைக்கிள்: எந்த வழி, எந்த மாதம்?

அல்சூர் ஏரிக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூரில் அல்சூரில் வசிக்கிறோம். என் அப்பாவுக்கு இப்போது 71 வயது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இளம் வயதில் இங்கே வேலைக்கு வந்து, 34 ஆண்டுகள் தொழிற்சாலைக்குச் சைக்கிளிலேயே போய் வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் வண்டியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் வண்டிகளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஹெசரகட்டா வரை போய், அங்கிருந்து 35 முதல் 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்புகிறோம். சமதரையில் மணிக்கு 14 அல்லது 15 கிலோமீட்டர் அவருக்கு இயல்பான வேகம். நீண்ட ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவார். அதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் அவர் ஓர் ஆசையைச் சொன்னார். நம்மைப் போலவே சோறு உண்கிற இன்னொரு நாட்டின் வயல்களை, ரயில் ஜன்னல் வழியாக அல்லாமல், வரப்போரமாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே அது. அவர் எதையும் கேட்டுப் பழக்கப்பட்டவர் அல்லர் என்பதால் இதை எப்படியாவது நடத்திவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வருகிற நவம்பரில் எனக்கு விடுப்பு கிடைக்கும். ஜப்பானில் ஒன்பது நாட்கள் இருக்க முடியும். அவற்றில் நான்கு அல்லது ஐந்து நாட்களைச் சைக்கிளுக்கு ஒதுக்கலாம். கடலும் வேண்டும், கிராமமும் வேண்டும், லாரிகள் உரசிக்கொண்டு போகிற சாலை வேண்டாம். நாங்கள் இருவரும் மீன், இறைச்சி, முட்டை எதுவும் உண்பதில்லை. ஷிமானாமி கைடோ என்ற பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வேகத்துக்கு அது ஏற்றதா, அல்லது வேறு வழி உண்டா என்பதைப் போய் வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஒற்றைச் சங்கிலி பதில் எழுதுகிறார்:

நான் ஷிமானாமி வழியில் சென்று வந்திருக்கிறேன். உங்கள் அப்பாவின் வேகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கடல்வழி ஜப்பானில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பலரும் செய்வதைப் போல ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். நான் அந்தத் தவற்றைச் செய்தேன். பாலங்களெல்லாம் நினைவில் நிற்கின்றன, தீவுகள் நிற்கவில்லை.

ஹிரோஷிமா மாகாணத்தின் ஓனோமிச்சியிலிருந்து ஷிகோகு தீவில் எஹிமே மாகாணத்தின் இமாபாரி வரை, செட்டோ உள்நாட்டுக் கடலின் ஆறு தீவுகளைத் தொட்டுப் போகும் சுமார் 70 கிலோமீட்டர் வழி இது. முகாய்ஷிமா, இன்னோஷிமா, இகுச்சிஜிமா, ஓமிஷிமா, ஹகாத்தாஜிமா, ஓஷிமா என்பவை அந்தத் தீவுகள். இவற்றை இணைக்கும் பாலங்களின் தொடர் 1999ஆம் ஆண்டு முழுமை பெற்றபோது, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிப்பாதை வைத்தே கட்டினார்கள். சாலையோரம் நீலக்கோடு ஒன்று தொடர்ந்து வருகிறது. அதை விடாமல் பிடித்துக்கொண்டால் வரைபடம் தேவையில்லை. எவ்வளவு தூரம் மிச்சம் என்பதையும் அந்தக் கோட்டின் அருகிலேயே எழுதியிருக்கிறார்கள்.

முதல் தீவுக்கு மட்டும் பாலத்தில் போக வேண்டாம். ஓனோமிச்சி பாலத்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதை இல்லை. துறைமுகத்திலிருந்து சிறு படகு சில நிமிடங்களில் அக்கரை சேர்த்துவிடும். பள்ளிப் பிள்ளைகளும் காய்கறி வாங்கப் போகிறவர்களும் தத்தம் சைக்கிள்களோடு நிற்கும் அந்தப் படகை உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

ஏற்றத்தைப் பற்றிய கவலைக்கு விடை இது: பாலங்கள் கப்பல்களுக்கு வழிவிட்டு உயரத்தில் நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் ஏற வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சரிவுப்பாதைகளை மரங்களுக்கிடையே வளைத்து வளைத்து, ஏறத்தாழ 3 சதவீதத்துக்குள் அடங்கும்படி அமைத்திருக்கிறார்கள். நந்தி மலையின் அடிவாரத்து முதல் வளைவு கூட இதைவிடக் கடினம். இறங்கித் தள்ளினாலும் கால் மணி நேரத்தில் மேலே போய்விடலாம். இகுச்சிஜிமாவையும் ஓமிஷிமாவையும் இணைக்கும் தத்தாரா பாலத்தின் நடு இடைவெளி 890 மீட்டர். கம்பிகளால் தாங்கப்படும் பாலங்களில் அது திறக்கப்பட்டபோது உலகிலேயே நீளமானது அதுதான். அதன் கோபுரத்தடியில் நின்று கை தட்டினால் ஓசை மேலே ஏறி ஏறி எதிரொலிக்கும். நான் அங்கே இருந்தபோது ஒரு பாட்டி தம் பேரனுக்குத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் வரும் குருஷிமா நீரிணைப் பாலம் மூன்று தொங்குபாலங்கள் அடுத்தடுத்து வருவது. சுமார் 4 கிலோமீட்டர். கீழே நீரோட்டம் 10 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் வரை வேகம் பிடிக்கும் என்பதால் கடல் காவிரி வெள்ளத்தைப் போலச் சுழித்து ஓடுவதை மேலிருந்து பார்க்கலாம்.

முதல் நாள் இகுச்சிஜிமாவின் செட்டோடா வரை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போய்த் தங்குங்கள். எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். ஓனோமிச்சிக்கும் செட்டோடாவுக்கும் இடையே சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் படகு உண்டு; அப்பாவுக்கு அன்று உடம்பு சரியில்லை என்றால் படகில் அமர்ந்து முதல் மூன்று தீவுகளையும் கடல்புறத்திலிருந்து பார்த்தபடி போய்விடலாம். இரண்டாம் இரவு ஓஷிமாவில். மூன்றாம் நாள் மீதமுள்ள தூரத்தோடு குருஷிமா பாலம் மட்டுமே இருக்கும். அதை அவசரமில்லாமல் காலையில் கடக்கலாம். ஓஷிமாவின் கிரோசான் குன்றின் உச்சிக்கு 300 மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏற வேண்டும். அங்கே காட்சி மிக அழகு. ஆனாலும் சைக்கிளை விட்டுவிட்டு வாடகைக் காரில் போவதே நல்லது.

சைக்கிளை இங்கிருந்து கொண்டு போக வேண்டாம். ஓனோமிச்சியில் வாடகைக்கு எடுத்து இமாபாரியில் ஒப்படைக்கலாம். முன்பதிவு அவசியம்.

மேற்குக் காற்று பதில் எழுதுகிறார்:

மேலே எழுதியவர் சொன்ன அனைத்தும் உண்மை. ஆனால் கேள்வியில் வயல் என்ற சொல் இருக்கிறது. ஷிமானாமியில் நெல்வயல் மிகக் குறைவு. அந்தத் தீவுகள் கடலுக்குள் இறங்கும் குன்றுகள்; அங்கே விளைவது ஆரஞ்சும் எலுமிச்சையும். உங்கள் அப்பா நெல்லைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்.

நெல்லுக்கு நான் பிவா ஏரியைச் சொல்வேன். கியோட்டோவுக்கு அருகில், ஷிகா மாகாணத்தில், ஜப்பானிலேயே பெரிய ஏரி. சுமார் 670 சதுர கிலோமீட்டர். ஏரியை முழுதாகச் சுற்றினால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்; நகரங்கள் நெருங்கிய தென்பகுதியை விட்டுவிட்டு வட ஏரியை மட்டும் சுற்றுகிறவர்களே அதிகம். ஷிமானாமியையும் இந்த வழியையும் சுக்குபா மலைப் பக்கத்துக் கசுமிகௌரா வழியையும் 2019ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு அரசு முதல் மூன்று தேசிய சைக்கிள் வழிகளாக அறிவித்தது. நம்மைப் போலவே அவர்களும் சாலையின் இடப்பக்கம் செல்கிறவர்கள். ஆகவே ஏரியை எப்போதும் இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போனால் தண்ணீருக்கும் உங்களுக்கும் நடுவே வேறு வண்டி வராது.

முழுச் சுற்றை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. மேற்குக் கரையில், தண்ணீருக்குள் நிற்கும் சிவப்பு வாயிலுக்குப் பெயர் பெற்ற ஷிராஹிகே ஆலயத்தை ஒட்டிப் போகும் 161ஆம் எண் தேசியச் சாலையில் வாகனங்கள் நெருக்கமாக வரும். அப்பாவோடு அது தேவையில்லை. கிழக்குக் கரையில் ஹிகோனே அல்லது நாகாஹாமாவில் இரண்டு இரவுகள் தங்கி, ஒரு நாள் வடக்கே ஏரிக்கரையோடும் மறுநாள் உள்ளே வயல்களுக்கு நடுவிலும் ஓட்டுங்கள். ஏரிக்கும் 1,377 மீட்டர் உயர இபுகி மலைக்கும் இடையில் தட்டையாக விரிந்து கிடக்கும் நெல்வெளி அது. வயலை ஒட்டிய சிறு தார்ச்சாலைகளில் உழவர்களின் சிறிய வெள்ளை லாரிகளைத் தவிர வேறொன்றும் வராது. வாய்க்கால்களின் மதகுகளையும் அண்டை வயலுக்குத் தண்ணீர் பிரியும் இடங்களையும் டெல்டாவில் பிறந்த ஒருவர் நின்று நின்று பார்ப்பார். அன்றைக்குக் கிலோமீட்டர் கணக்கு வைக்காதீர்கள்.

ஆனால் மாதம்தான் சிக்கல். நவம்பரில் போனால் அங்கே அறுவடை முடிந்து வெறும் தாள்தான் நிற்கும். ஒன்பது நாட்களும் செலவழித்து அப்பாவுக்கு வெற்று வயலைக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விடுப்பை மாற்ற முடியுமானால் மே மாத நடுப்பகுதியைப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை நீளும் பொது விடுமுறைக் கூட்டம் அதற்குள் கலைந்திருக்கும். ஜூனில் தொடங்கும் மழைக்காலம் இன்னும் வந்திராது. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் கட்டி, நாற்று விரல் உயரத்தில் நிற்க, காற்றில்லாத காலை வேளையில் இபுகி மலை முழுதாக வயலுக்குள் தலைகீழாகத் தெரியும். அதே வாரங்களில்தான் செட்டோ கடல் தீவுகளில் ஆரஞ்சு மரங்கள் பூக்கும். நவம்பரில் பழம் கிடைக்கும், மேயில் மணம் கிடைக்கும். மாலை வெளிச்சமும் கணக்கில் வரும்: நவம்பரில் அந்தப் பகுதியில் 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், மேயில் ஏறத்தாழ 7 மணி வரை ஓட்டலாம். மெதுவாகப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு மணி நேரம் பெரிது.

ஒரு நாள் சைக்கிள் இல்லாமல் ரயிலில் மேற்குக் கரையின் ஷின்அசாஹி நிலையத்துக்குப் போய், ஹரியே கிராமத்தைப் பாருங்கள். நிலத்தடி ஊற்றுநீர் வீடுகளின் சமையற்கட்டுத் தொட்டிகளில் பொங்கி வந்து, அங்கே கழுவும் பாத்திரங்களின் சோற்றுப் பருக்கைகளைக் கெண்டை மீன்கள் தின்ன, தெருவோர வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போகிறது. மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் கிராமத்து வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே செல்ல வேண்டும்.

கனகபுரா சாலை பதில் எழுதுகிறார்:

ஷிமானாமியில் வார இறுதியில் கூட்டம் இருக்கும். அதற்கு மேற்கே, குரே நகருக்கு அருகில் தொடங்கி ஒகாமுரா தீவு வரை ஏழு பாலங்களால் இணைந்த டோபிஷிமா கைடோ சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. வழியில் பாய்மரக் கப்பல்கள் சாதகமான காற்றுக்காகவும் நீரோட்டத்துக்காகவும் காத்துக் கிடந்த மிதராய் என்ற பழைய துறைமுக ஊர் அப்படியே நிற்கிறது. ஒகாமுராவிலிருந்து இமாபாரிக்குப் படகு உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், அப்பாவுக்கு இதுவே போதும் என்று நான் சொல்வேன். நோட்டோ தீபகற்பத்தின் படிக்கட்டு வயல்களையும் யாராவது பரிந்துரைக்கக்கூடும். 2024 ஜனவரி 1 நிலநடுக்கமும் அதே ஆண்டு செப்டம்பர் வெள்ளமும் அங்கே சாலைகளைச் சிதைத்துவிட்டன என்பதால் அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லேஸ்வரம் குறுக்குத்தெரு பதில் எழுதுகிறார்:

நான் வேலை நிமித்தமாக ஒசாகாவில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். உணவையும் சட்டத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜப்பானியக் கிராமங்களில் சைவ உணவு என்பது இறைச்சித் துண்டு இல்லாத உணவு என்று பொருள்படும். சூப், நூடுல்ஸ், வேகவைத்த காய் என எதிலும் தஷி என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் அது கட்சுவோ மீனின் சீவலில் எடுத்தது. கண்ணுக்குத் தெரியாது. தங்கும் விடுதிகளுக்கு முன்பதிவின்போதே, மீன் சாறும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் அவர்கள் மிகவும் சங்கடப்படுவார்கள். சாலையில் செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் கடைகள்தான் துணை: உப்பு மட்டும் சேர்த்த சோற்று உருண்டை, வாழைப்பழம், டோஃபு, வறுத்த கடலை. உமேபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைத்த உருண்டையிலும் சில சமயம் மீன் சத்து சேர்ந்திருக்கும். தொலைபேசியில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் செய்ததையே உங்களுக்கும் சொல்கிறேன்: வீட்டிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் சிறு பாட்டில்களில் கொண்டு போங்கள். வேகவைத்து அடைத்த சோற்றுப் பொட்டலம் எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். சூடான ஜப்பானியச் சோற்றில் நம் புளிக்காய்ச்சல் நன்றாகவே சேர்கிறது. அரிசி சற்று ஒட்டும், அவ்வளவுதான். பச்சைக் கறிவேப்பிலையையும் பழங்களையும் மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

சட்டம் நம் ஊரைப் போலப் பெயரளவுக்கு அல்ல. சைக்கிள் அங்கே ஒரு வாகனம். இருவர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு ஓட்டக் கூடாது. இதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நம்மவர்களுக்கு இதுதான் கடினம். தலைகீழ் முக்கோண வடிவில் சிவப்புப் பலகை கண்டால், சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும், கால் ஊன்றி நிற்க வேண்டும். ஓட்டும்போது கைபேசியைப் பார்ப்பதற்கான தண்டனை 2024 நவம்பரில் கடுமையாக்கப்பட்டது. ஆறு மாதச் சிறை அல்லது ஒரு லட்சம் யென் அபராதம் வரை போகலாம். வழி பார்க்க வேண்டுமானால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ஹெல்மெட் 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் அணிய முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்களுக்குச் சாதகமான விதியும் ஒன்று உண்டு: 70 வயது நிறைந்தவர்கள் நடைபாதையில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம். லாரி வரும் இடங்களில் அப்பா நடைபாதையில் ஏறிக்கொள்ளட்டும். ஆனால் நடப்பவர்களுக்கே முதல் உரிமை, மணி அடித்து அவர்களை விலக்கக் கூடாது.

பெங்களூரிலிருந்து டோக்கியோ பக்கத்து நரிதாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஆனால் உங்கள் இரண்டு வழிகளும் மேற்கில் இருப்பதால், ஒரு நிறுத்தம் இருந்தாலும் ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்தில் இறங்குவது அரை நாளை மிச்சப்படுத்தும். அங்கிருந்து முதலில் மைபாரா வழியாக ஏரிக்குப் போங்கள், பிறகு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஃபுகுயாமா, அங்கிருந்து சாதாரண ரயிலில் ஓனோமிச்சி.

அல்சூர் ஏரிக்கரை மீண்டும் எழுதுகிறார்:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய உங்கள் அனைவருக்கும் நன்றி. பதில்களை நேற்றிரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயலுக்குள் மலை தலைகீழாகத் தெரியும் என்ற வரியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு அங்கே நாற்றைக் கையால் நடுகிறார்களா என்று கேட்டார். அலுவலகத்தில் பேசி விடுப்பை மே 12ஆம் தேதிக்கு மேல் மாற்றிக்கொண்டேன். ஏரியில் மூன்று இரவுகள், செட்டோ கடலில் மூன்று இரவுகள் என்று வைத்திருக்கிறோம், ஹரியே நிச்சயம். டோபிஷிமாவா, ஷிமானாமியா என்பதில் படகுக்காகவும் கை தட்டும் பாலத்துக்காகவும் ஷிமானாமியையே தேர்ந்தெடுத்தார்.

இன்னும் ஒரு சந்தேகம். அப்பா 34 ஆண்டுகளும் கியர் இல்லாத வண்டி ஓட்டியவர். இப்போதும் அதைத்தான் ஓட்டுகிறார். அங்கே மின்னுதவி வண்டி எடுக்கலாமா, கியர் வண்டியே போதுமா?

மேற்குக் காற்று பதில் எழுதுகிறார்:

நடவு இயந்திரத்தில்தான். தட்டுகளில் வளர்த்த சிறு நாற்றை வரிசை வரிசையாக ஊன்றிக்கொண்டு போகும். ஆனால் இயந்திரம் திரும்பும் மூலைகளில் விட்டுப்போன இடங்களை முதியவர்கள் சேற்றில் இறங்கிக் கையால் நிரப்புவதைப் பார்க்கலாம்.

ஒற்றைச் சங்கிலி பதில் எழுதுகிறார்:

ஏரிப் பக்கம் தரை தட்டையாக இருப்பதால் சாதாரண வண்டி போதும். ஷிமானாமிக்கு மின்னுதவி வண்டியை எடுங்கள். அது தானாக ஓடுவதில்லை. மிதித்தால் மட்டுமே உடன் சேர்ந்து தள்ளும், மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் உதவி நின்றுவிடும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே தாம் ஓட்டவில்லை என்ற குறை அப்பாவுக்கு வராது. எடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை சில நிலையங்களில் இந்த வண்டிகளுக்கு மட்டும் உண்டு. இமாபாரியில் ஒப்படைக்கலாமா, இரவுகளில் வைத்துக்கொள்ளலாமா என்பதை முன்பதிவின்போதே எழுதிக் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதிலிருந்து மாதம் இரண்டு முறையாவது அடுத்தடுத்த இரு நாட்களில் 30 கிலோமீட்டர் ஓட்டிப் பழகுங்கள். அவருக்குத் தூரம் புதிதல்ல, மறுநாள் காலையில் மறுபடியும் ஏறி உட்காருவதுதான் புதிது. கியர் மாற்றவும் ஒரு வண்டி வாடகைக்கு எடுத்து இங்கேயே பழகட்டும். அவருடைய வண்டியில் மிதியின் அச்சிலிருந்து இருக்கையின் மேற்புறம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். ஓனோமிச்சியில் அதைக் காட்டினால் அதே உயரத்துக்கு இருக்கையை வைத்துத் தருவார்கள்.